அழுத பிறகு: வியாகுலப் பிரசங்கத்தை எடைபோடுதல்

துன்பம் வந்தவருக்குக் கடவுள்மேல் அன்பு குறையாமல் இருப்பதே பெரிய காரியம். அந்த அன்பு துன்பத்தால் இன்னும் கூடும், தன் பாவத்தை உணர்ந்தவரிடம் அதைவிடவும் கூடும் என்கிறது கிறிஸ்தவம். சொல்லிவிடலாம், அது நடக்கிற வழியைக் காட்டுவதுதான் கடினம். அந்த வழியைக் காட்ட முயன்ற தமிழ்க் கத்தோலிக்க நூல்களில் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகளின் வியாகுலப் பிரசங்கம் அளவுக்கு மக்கள் வாயில் நின்றது வேறொன்றில்லை என்பேன். கெத்சமனிப் பூங்காவனத்தில் தொடங்கும் இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகச் சொல்லும் நூல் அது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையிலும் தவக்காலத்தில் இன்றும் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பு உண்மையிலேயே கடவுளன்பை ஆழமாக்குகிறதா, அல்லது அழுது தீர்த்த நிம்மதியை மட்டும் தந்து வீட்டுக்கு அனுப்புகிறதா? இதைப் பக்தியின் பேரால் கேட்காமல் விடுவது அந்த நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நூலின் வேர் கண்டியில் இருக்கிறது. கோவாவில் 1676இல் பிறந்த கொன்சால்வேஸ் 1705இல் இலங்கைக்கு வந்தார். கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பது அங்கே குற்றம். பௌத்த அரசர் ஆண்ட கண்டி இராச்சியமே குருமாருக்குப் புகலிடமாயிற்று. அவருக்கு முன்பே வந்து அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த ஜோசப் வாஸ் அடிகள் புதிதாக வந்த இந்த இளங்குருவைச் சிங்களம் கற்கக் கண்டிக்கு அனுப்பினார். பிறகு அவர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். சிங்களவரின் ‘துக்பிராப்தி பிரசங்கய’வும் தமிழரின் வியாகுலப் பிரசங்கமும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள். தீவு முழுவதற்கும் குருமார் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். சுவாமியைக் காண மாதக்கணக்கில் காத்திருந்த ஊர்களில் அண்ணாவியாரோ மூப்பரோ வாசிக்க, சனங்கள் கேட்டு மனம் திரும்ப வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. பூசைக்கு வழியில்லாத இடத்தில் சபையைக் கட்டிக் காத்த வாசிப்பு. இதை நினைவில் வைக்காமல் அதன் மிகையுணர்ச்சியைக் குறை சொல்லும் திறனாய்வு அரைகுறையானது.

வாசிப்பு நடக்கும் இரவை அறிந்தவர்களுக்கு அதன் பலம் விளக்காமலே தெரியும். பீடத்தின் சுரூபங்கள் ஊதாத் துணியால் மூடிக் கிடக்கும். வாசிப்பவர் முன்னால் ஒரு மேசை, விளக்கு, தொண்டையை நனைத்துக்கொள்ளத் தண்ணீர். அவர் நீட்டி இழுத்து ஓரிடத்தில் நிறுத்தும்போது பெண்கள் பக்கமிருந்து ஒப்பாரி எழும்பும். அந்த ஒப்பாரியில் மாதாவின் துயரம் எவ்வளவு, போன வருடம் கடலில் போன மகனின் துயரம் எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. தனியே சுமந்த துக்கத்தைக் கடவுளின் துக்கத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க அந்தச் சனங்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. பாதிரிமாரின் புத்திமதியால் இதைச் செய்ய முடியாது. துக்க வீட்டில் வாய்திறந்து ஆறுதல் சொல்பவரைவிடக் கூட உட்கார்ந்து அழுபவர் நெருங்கியவராகிவிடுகிறார் அல்லவா? வியாகுலம் அந்த நெருக்கத்தைக் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையில் உண்டாக்குகிறது. மகனை இழந்த தாய், தன் மகனையே கொடுத்த கடவுளைப் பார்த்து ‘உனக்குத் தெரியாதா’ என்று கேட்கும் உரிமையைப் பெறுகிறாள். அன்பு ஆழமாவதற்கு இதுவே முதல் படி. இதில் நூல் முழு வெற்றி பெறுகிறது.

பாவத்தைப் பற்றிய அதன் போக்கும் முதற்பார்வையில் சரியானதே. 1551இல் திரிதெந்தின் சங்கம் மனஸ்தாபத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னது: தண்டனைக்குப் பயந்து வருவது ஒன்று, கடவுளை நேசிப்பதால் வருவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நம் பழைய செபப் புத்தகங்கள் உத்தம மனஸ்தாபம் என்கின்றன. பாவிகளை நரகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திப் பயமுறுத்திய பிரசங்கங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ உண்டு. வியாகுலத்தின் நடுவில் நிற்பது நரகம் அல்ல, அடிபடுகிற ஒருவர். ‘நீ செய்தது உன்னை என்ன செய்யும்’ என்பதைவிட ‘நீ செய்தது இவரை என்ன செய்தது’ என்ற கேள்வி மனிதரை உயர்த்துவது. லூக்கா நற்செய்தியில் பரிசேயன் சீமோனின் விருந்துக்கு அழைப்பில்லாமல் வந்து இயேசுவின் காலடியில் அழுத பெண்ணின் கதை இந்தத் தர்க்கத்துக்கு ஆதாரம். அதிகம் மன்னிக்கப்பட்டவர் அதிகம் நேசிப்பார் என்று அங்கே கற்பிக்கப்படுகிறது. பாவம் அன்புக்குத் தடையாகவே நின்றுவிட வேண்டியதில்லை, மன்னிப்பைக் கண்டுகொண்டால் அன்பின் ஆழத்துக்கே அது காரணமாகலாம் என்ற துணிச்சலான போதனை அது.

ஆனால் இங்கேதான் என் முதல் தடை. துக்கத்தையும் பாவத்தையும் ஒரே மூச்சில் பேசும்போது, கேட்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இயேசு பாடுபட்டது என் பாவத்தால் என்று அழுகிறேன். அதே அழுகையில் என் குழந்தை செத்ததையும் அழுகிறேன். அப்படியானால் குழந்தை செத்ததும் என் பாவத்தாலா? நூல் அப்படிச் சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனால் ஒரு நூலை அது சொன்னதை மட்டும் வைத்து எடைபோட முடியாது, அதைக் கேட்டு எழுந்து போகிறவர் மனதில் தங்கியதையும் தராசில் வைக்க வேண்டும். ‘என்ன பாவம் செய்தேனோ’ என்பது சாவு வீட்டில் நம் ஆட்களின் வாயில் முதலில் வரும் சொல். வினைப்பயன் பற்றிய பழைய நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. வியாகுலம் அந்தச் சொல்லை மறுப்பதில்லை, அதற்குக் கிறிஸ்தவ உடை உடுத்தி விடுகிறது. நற்செய்தியோ அதை நேராகவே மறுக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இருவருமில்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. இந்த இரண்டு இடங்களும் வியாகுலத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்கப்படாதவரை நம் அழுகையில் ஒரு பொய் கலந்தே இருக்கும்.

இந்தத் தடை கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் சும்மா ஒரு சித்தாந்தப் பிரச்சினை இல்லை. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து, 1867இல் ஹேவாஹெட்டை லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு இன்னும் பெருகி, தென்னிந்தியத் தமிழர்கள் இந்த மலைகளில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அவர்களுக்காக 1854இல் அங்கிலிக்கன் மிஷனரிகள் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர் வைத்து ஊழியம் தொடங்கினார்கள். தோட்டத் துரைமார் விரும்பிக் கேட்டுப் பணமும் கொடுத்த ஊழியம் அது. உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். அவர்களின் உழைப்பையும் பக்தியையும் நான் குறைக்கமாட்டேன். ஆனால் துரை பணம் கொடுக்கும் பிரசங்கத்தில் எந்தப் பாவம் பேசப்படும், எந்தப் பாவம் பேசப்படாது என்பதை ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. சாராயம் பாவம். களவு பாவம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழித்த நிறை, நாள் முழுதும் மழையில் நின்ற பெண்ணுக்குக் கணக்கு எட்டவில்லை என்று போட்ட அரைப்பேர் என்னும் அரைநாள் கூலி, இவை பாவப்பட்டியலில் ஏறவில்லை. கத்தோலிக்கக் கோயில்களும் இந்த விஷயத்தில் நெடுங்காலம் பெரிதாக வேறுபட்டு நிற்கவில்லை.

பிறகு 1948 வந்தது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. கண்டி நிலையத்தில் தலைமன்னார் ரயிலுக்குக் காத்திருந்து அழுத குடும்பங்கள் யாருடைய பாவத்தால் அழுதன? அவர்களிடம் போய் ‘உன் பாவங்களே இயேசுவை அறைந்தன, அழு’ என்று மட்டும் சொன்ன ஒரு பிரசங்கம், எத்தனை பக்தியோடு சொல்லப்பட்டிருந்தாலும், அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகவே முடியும். பாடுகளைப் பேசும் கிறிஸ்தவ மரபு முழுவதற்கும் இந்தப் பழக்கம் உண்டு. நூற்றாண்டுகளாக அது சிலுவையின் பழியை யூத இனத்தின் தலையில் சுமத்தி வந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை மறுத்தது. பழியைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாத கண்ணீர் ஆபத்தானது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இதே மலைகளில் இன்னொரு அழுகை மரபும் உண்டு. மாசி பிறந்தால் தோட்டத்துக் காமன் பொட்டலில் கூத்து தொடங்கும். சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த மன்மதனுக்காக ரதி புலம்புவாள். தவக்காலமும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான் வரும். ரதியின் புலம்பலில் ஒரு நியாயம் இருக்கிறது: தேவர்கள் ஏவியதைச் செய்த கணவன் எரிக்கப்பட்டான், அவன் என்ன தவறு செய்தான் என்று அவள் கடவுளிடமே வழக்காடுகிறாள். கடைசியில் உயிர்ப்பும் உண்டு. விவிலியத்தின் சங்கீதங்களிலும் இந்த வழக்காடல் நிறைய உண்டு. யோபுவின் புத்தகம் முழுக்க அதுதான். வியாகுலத்தில் இந்தக் குரல் மெலிந்து போயிற்று என்பது என் இரண்டாவது தடை. அங்கே கடவுளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் துக்கத்தைவிடத் தன்னையே நொந்துகொள்ளும் துக்கம்தான் ஓங்கி நிற்கிறது. கேள்வி கேட்க இடமில்லாத உறவில் அன்பு வளரும் என்று நான் நம்பவில்லை. பயம் வளரலாம், பணிவு வளரலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நூலை மூடி வைத்துவிடலாமா? கூடாது. ஏனென்றால் அந்த நூலுக்கு ஓர் உரை உண்டு. ஏட்டில் இல்லாத உரை. எழுதியவருக்கு முன்னோடியாக இருந்தவரின் வாழ்க்கை அது.

ஜோசப் வாஸ் கோவாவின் பிராமணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1651இல் பிறந்தவர். 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி தன்னை மாதாவின் அடிமையாக எழுதிக்கொடுத்துச் சாசனம் ஒன்று எழுதியவர். உணர்ச்சிமிக்க பக்திக்கு அவரும் சொந்தக்காரர்தான். 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அந்த மாலையைப் பார்த்து முகம் மாறுகிறவர் யார் என்று கவனித்துக் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். சிறையிலேயே சிங்களம் படித்தார்.

1697இல் கண்டியில் அம்மை வந்தது. அரசரும் பிரபுக்களும் நகரை விட்டு விலகினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அம்மை குத்தும் முறையை ஜென்னர் கண்டறிய இன்னும் சுமார் நூறு ஆண்டுகள் இருந்தன, ஒதுங்குவதைத் தவிர அவர்களுக்கு வழி தெரியாது. வாஸ் அடிகளும் அவரோடு இருந்த ஜோசப் கர்வால்யோ அடிகளும் ஒதுங்கவில்லை. குடிசைகள் போட்டார்கள். சோறு கொண்டுபோய் ஊட்டினார்கள். புண்களைக் கழுவினார்கள். இறந்தவர்களுக்குக் குழி தோண்டினார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் பௌத்தர்கள். கொப்புளங்கள் உடைந்து ஒழுகும் உடலைத் தொட்டுத் துடைப்பது, பிணத்தைத் தூக்குவது, இவை ஒரு பிராமணக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் என்ன பொருள் என்பதைச் சாதியை அறிந்த தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் அந்த நோயாளிகளிடம் பாவத்தைத் தேடவில்லை என்பது. சாகப்போகிற கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டிருப்பார், அது குருவின் கடமை. ஆனால் நோயைப் பாவத்தின் கூலியாக எண்ணியவர் காட்டுக்குள் தள்ளப்பட்ட பிற மதத்தவருக்குக் குடிசை கட்டமாட்டார். துக்கத்தைத் துக்கமாகவும் பாவத்தைப் பாவமாகவும் பிரித்து நடத்தும் தெளிவு அவர் கையில் இருந்தது. வியாகுலப் பிரசங்கத்தின் சொற்களில் கலங்கிப் போனது அவருடைய செயலில் தெளிந்து நிற்கிறது. சீமோன் வீட்டுப் பெண்ணும் அழுகையோடு நிற்கவில்லை. கால் கழுவ அந்த வீட்டார் தண்ணீர் கொடுக்கவில்லை, அவள் கண்ணீராலேயே கழுவினாள். எண்ணெய் பூசவில்லை, அவள் பூசினாள்.

ஆகவே என் தீர்ப்பு இது. வியாகுலப் பிரசங்கம் கடவுளன்பைத் தொடக்கி வைக்கும் நூல், முதிர வைக்கும் நூல் அல்ல. துக்கத்தில் துணை தருவதிலும், பயத்தால் வரும் மனஸ்தாபத்தை அன்பால் வரும் மனஸ்தாபமாக மாற்றுவதிலும் தமிழ்க் கிறிஸ்தவத்தில் அதற்கு இணை இல்லை. ஆனால் துக்கப்படுகிறவரையும் பாவம் செய்தவரையும் ஒருவராக்கிவிடும் இடத்தில் அது தவறுகிறது. அடக்கப்பட்டவர்கள் நடுவில் வாசிக்கப்படும்போது அந்தத் தவறு காயமாகிறது. வாசிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. 1697ஐப் பக்கத்தில் வைக்காமல் வாசிக்காதீர்கள் என்கிறேன்.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும்: இப்படிப் போனால் கடவுளன்பு சமூகசேவையாகக் கரைந்துவிடாதா? கண்டியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1972இல் இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ், ஆயர் லியோ நாணயக்காரவோடு சேர்ந்து சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். நாணயக்கார அதுவரை கண்டியின் ஆயர், பெனடிக்டின் துறவி. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்து தோட்டங்களில் இறப்பு விகிதம் ஏறியது. லயங்களை விட்டு இறங்கியவர்கள் ஊர்த் தெருக்களில் கையேந்தி நின்றார்கள். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்ட மக்களின் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்த அந்தச் சின்னக் குழுவுக்குப் பெரும்பான்மைச் சபையில் நல்ல பெயர் மட்டும் கிடைத்துவிடவில்லை. கஸ்பர்ஸ் 2017இல் இறக்கும்வரை குருவாகவே இருந்தார். பூசை வைத்தார், செபித்தார். அவர் செபத்திலிருந்துதான் தோட்டத்துக்குப் போனார். வாஸ் அடிகளும் அப்படியே. இரவில் அழுது செபித்தவர்தான் பகலில் புண்ணைக் கழுவினார். கழுவுவதால் அந்தச் செபம் கரைந்துபோகவில்லை, அது பொய்யில்லை என்று நிரூபணமாயிற்று. அதே சமயம் செபமே இல்லாத சேவை ஐந்தாறு வருடத்தில் களைத்துக் கசந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் வியாகுலத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

உயிரோடிருக்கும்போது செய்யாமல் விட்டதைச் சாகும் நேரத்தில் செய்வது எளிதல்ல என்ற பொருளில் வாஸ் அடிகள் தம் கடைசி நேரத்தில் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். சில பத்தாண்டுகளில் அரசு மாறி, கத்தோலிக்கர் கண்டியிலிருந்து விரட்டப்பட்டு, கோயிலும் அழிந்தது. அவர் புதைக்கப்பட்ட இடம் எது என்பது இன்றுவரை தெரியவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வணங்கக் கல்லறை இல்லாத புனிதரை இலங்கை பெற்றது. சுரூபமும் பண்டிகையும் அவரை எளிதில் விழுங்கிவிடும். வியாகுலத்தை நாம் அழுகையாக மட்டும் வைத்துக்கொண்டதுபோல அவரையும் கொடிமரமாகவும் ஊர்வலமாகவும் மட்டும் வைத்துக்கொள்வோமோ என்று எனக்குப் பயம்.

என் தீர்ப்பு தோற்றுப்போகும் ஓரிடம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராவில் கட்டிலோடு கிடக்கும் கிழவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளால் யாருடைய புண்ணையும் கழுவ முடியாது, யாருக்காகவும் கச்சேரி ஏறி வழக்காட முடியாது. பேத்தி வாசிக்கும் பிரசங்கத்தைக் கேட்டு அழுவது ஒன்றுதான் அவளால் ஆகும். அவளுடைய அன்பு தொடக்கத்திலேயே நின்றுவிட்டது என்று நான் சொல்வேனா? சொல்லமாட்டேன். முதிர்ந்த அன்புக்குச் செயலை அளவுகோலாக வைத்தேன். அந்த அளவுகோல் செயல் செய்ய முடிந்தவர்களுக்கு உரியது, அவளுக்கு அல்ல. அவள் அழுகை முழுமையானது. அரைகுறையாக இருப்பது, அவள் பக்கத்துக் காம்பராவில் திடமான கைகால்களோடு அதே பிரசங்கத்தைக் கேட்டு அதே அளவு அழுதுவிட்டு, அவளுக்கு ஒரு வாய் கஞ்சி கொண்டுபோகாமல் படுத்துக்கொள்பவரின் அழுகைதான்.